மூச்சு வாங்கிய பென்லி

சித்திரை வெயில் கோயம்புத்தூர்க்காரனுக்குப் புதிதா என்ன என்ற நினைப்போடுதான் வெள்ளவத்தை வீட்டு வாசலைத் தாண்டினேன். தாண்டிய மறு நிமிடமே சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எங்கள் ஊர் வெயில் சுடும். கொழும்பு வெயில் அவிக்கிறது. கடல் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது, ரயில் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் அலை மோதுவதுகூடக் கேட்கிறது. ஆனால் காற்றில் உப்பும் ஈரமும் தவிர வேறு ஒன்றும் இல்லை. அதுவும் காலை ஆறரை மணிக்கு!

அவ்வளவு காலையில் என்னைக் கிளப்பியது இலங்கை அரசாங்கம். சொன்னால் நம்பமாட்டீர்கள். சிங்களவரும் தமிழரும் கொண்டாடும் சித்திரைப் புத்தாண்டுக்கு அரசே சோதிடர் குழு வைத்து நேரம் குறித்துக் கொடுக்கிறது. அடுப்பு மூட்ட ஒரு நேரம், முதல் கவளம் உண்ண ஒரு நேரம், தலைக்கு எண்ணெய் வைக்க ஒரு நேரம், வேலைக்குப் புறப்பட ஒரு நேரம். எந்தத் திசை பார்க்க வேண்டும், என்ன நிறத்தில் உடுத்த வேண்டும் என்பதும் அதில் உண்டு. பழைய ஆண்டுக்கும் புதிய ஆண்டுக்கும் நடுவே சில மணி நேரம் எந்த வேலையும் தொடக்கூடாதாம். நம் ஊரில் ராகு காலத்துக்காக ஒன்றரை மணி நேரம் தள்ளிப்போடுவதையே கிண்டல் செய்யும் ஆள் நான். இங்கே நாடே காத்திருக்கிறது.

நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்தவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்பதால் எல்லாரையும்போல் நானும் 'அண்ணை' என்றே கூப்பிட்டேன். அவருடைய ஹோண்டா சிடி125 பென்லி மோட்டார் சைக்கிள், புத்தாண்டுக்கு முன்பே நுகேகொடையில் ஒரு கராஜில் எஞ்சின் தலை கழற்றப்பட்டுக் கிடந்தது. 'பாஸ்' என்று எல்லாரும் மரியாதையாக அழைக்கும் அந்த மெக்கானிக் ஊருக்குப் போய்விட்டார். இன்று வேலைக்குப் புறப்படும் சுபநேரம். ஆண்டின் முதல் வேலை நம்முடையதுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

"பாருங்கோ தம்பி, முந்தி நுகேகொடை மேம்பாலத்தில கடைசிக் கியரிலயே ஏறின சாமான். இப்ப ரெண்டு கியர் குறைச்சாலும் முனகுது. இழுவை இல்லை," என்றார் அண்ணை, இடியப்பத்தின்மேல் சொதியை ஊற்றியபடி. நம் ஊரில் இதையே 'பிக்கப் இல்லை' என்போம். நோய் ஒன்றுதான்.

ஆட்டோவில் போனோம். இங்கே அதற்கு 'த்ரீவீல்'. டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை, பாமன்கடை, கிருலப்பனை, பிறகு ஹைலெவல் வீதி. வழக்கமாக 138ஆம் நம்பர் பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு பறக்கும் சாலையாம். அன்று பாதி ஷட்டர்கள் மூடிக் கிடந்தன. கொழும்பு இன்னும் ஊரிலிருந்து திரும்பவில்லை. நுகேகொடை ரயில் கடவைக்கு அருகில் களனிவெளிப் பாதை ரயில் ஒன்று டீசல் புகையை ஊதிவிட்டுப் போனது. சந்தைப் பக்கமிருந்து அன்னாசி வாசனையும் கருவாட்டு வாசனையும் ஒரே மூச்சில் வந்தன. எனக்கென்னவோ இரண்டும் ஒத்துப்போவதாகவே பட்டது. ஊர் மாறினால் மூக்கும் மாறும் போலிருக்கிறது.

கராஜ் ஒரு ஒழுங்கையின் முடிவில், பலா மரத்தடியில் தகரக் கூரை. உள்ளே நுழைந்ததும் வாய் பிளந்துவிட்டேன். எங்கள் ஊரில் ஷோரூம் வாசலில்கூட இத்தனை ஜப்பான் வண்டிகளைச் சேர்த்துப் பார்த்ததில்லை. ஜப்பான் தபால்காரர்கள் ஓட்டிய சிவப்பு எம்டி90 வரிசையாக மூன்று, சிடி125கள், ஒரு சிடி200, முதுகு சாய்ந்த சிஎம்125, மூலையில் தார்ப்பாய்க்குள் ஏதோ ஒரு பெரிய டாங்க். எல்லாமே முப்பது, நாற்பது வயது. எதுவும் கண்காட்சிப் பொருள் இல்லை. அத்தனையும் மறுநாள் வேலைக்குப் போக வேண்டியவை.

காரணத்தை அண்ணை சொன்னார். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். மறுபடி தனியார் வாகனங்களுக்குக் கதவு திறந்தது 2025இல்தான். நடுவில் 2022 வந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் 470 ரூபாய்வரை ஏறியது. கியூஆர் அட்டை போட்டு மோட்டார் சைக்கிளுக்கு வாரம் நாலு லிட்டர் என்று அளந்து ஊற்றத் தொடங்கினார்கள். புது வண்டி வராது, இருக்கிற வண்டிக்கும் தீனி கிடையாது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு சொட்டுக்கூட வீணாகாமல் எரிய வைக்கத் தெரிந்தவன்தான் மெக்கானிக். வேகப் பித்துப் பிடித்த பையன்களைப் பார்க்கலாம் என்று நினைத்து வந்த எனக்கு இது முதல் திருப்பம்.

பென்லியின் நம்பர் பலகையில் பழைய சிங்கள 'ஸ்ரீ' எழுத்து. 1950களின் பிற்பகுதியில் இந்த ஒரு எழுத்தின்மேல் தார் பூசித்தான் தமிழர்கள் போராட்டமே நடத்தினார்கள். இப்போது அதே எழுத்து இருந்தால் பழைய வண்டி என்று மதிப்புக் கூடுகிறதாம். அண்ணை இதைச் சிரிக்காமல் சொன்னார். நானும் சிரிக்கவில்லை.

பாஸுக்கு அறுபது இருக்கும். சாரம், பனியன், காதில் பென்சில். புத்தர் படத்துக்கு முன் விளக்கேற்றிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குறித்த திசையை நோக்கி நின்றார். அந்தத் திசையில் சரியாக நான் நின்றுகொண்டிருந்தேன். அண்ணை என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்தார். நேரம் வந்தது, பாஸ் ஒரே ஒரு நட்டை, அரைச் சுற்று, முறுக்கினார். அவ்வளவுதான். ஆண்டு தொடங்கிவிட்டது. உடனே தட்டு வந்தது: பால்சோறு, எண்ணெய்ப் பலகாரம், கொக்கிஸ். கொக்கிஸைக் கடித்துப் பார்த்தால் நம் அச்சு முறுக்கு! பாஸுக்கு ஓரளவு தமிழ் தெரியும். "சாப்பிட்டு வேலை. வேலை ஓடாது," என்றார்.

சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நான் வளர்ந்தது ஆர்எக்ஸ்100 சத்தத்தில். எஸ்கார்ட்ஸ் 1985இல் இறக்கிய யமஹா. 98 சிசி, 11 குதிரைத்திறன். நூறு கிலோவை ஒட்டிய உடம்பு. கோவையில் அதை 'ரெடி பண்ணித் தரும்' பட்டறைகள் ஏராளம். சிலிண்டர் போர்ட்டை அரம் வைத்து ராவு, தலையைச் சீவு, சைலன்சரை மாற்று. டூ-ஸ்ட்ரோக்கில் அந்த சைலன்சர்தான் பாதி எஞ்சின். வெளியே போகும் புகையோடு கிளம்பும் அழுத்த அலை, குழாயின் கூம்பில் மோதித் திரும்பி, தப்பிக்கப் பார்க்கும் புதுப் பெட்ரோல் கலவையை மறுபடி உள்ளே தள்ளும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் வால்டர் காடென் உழைத்துக் கண்ட வித்தை அது. 1961இல் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் அங்கிருந்து தப்பி சுசுகியில் சேர்ந்தார். அடுத்த ஆண்டே சுசுகிக்கு 50 சிசி உலகப் பட்டம். இந்தக் கதையை எல்லாம் பாஸிடம் அளந்துவிட்டு, "இதில் எத்தனை குதிரை ஏற்றித் தருவீர்கள்?" என்று கேட்டேன்.

பாஸ் கொக்கிஸை மென்று முடித்தார். "முதல்ல ஓடிப்போன குதிரை பிடிக்கணும். பிறகு புதுசு வாங்கலாம்."

தலையை எடுத்து வந்து என் கையில் வைத்தார். அலுமினியம், எதிர்பார்த்ததைவிட லேசு. இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றும் 44 மில்லிமீட்டர் விட்டம், 41 மில்லிமீட்டர் ஓட்டம். இந்த இரண்டு எண்களையும் கேட்டதும் எனக்குப் புல்லரித்தது. 1959இல் ஐல் ஆஃப் மேன் தீவின் டிடி பந்தயத்துக்கு ஹோண்டா முதன்முதலாக வந்ததே, ஆர்சி142, அதுவும் இதே 44, 41தான்! அதில் நவோமி தனிகுச்சி ஆறாவதாக வந்தார். ஹோண்டாவுக்குக் குழுப் பரிசும் கிடைத்தது. பால்காரரும் பள்ளி ஆசிரியரும் ஓட்டிய பென்லியும் உலகமே திரும்பிப் பார்த்த பந்தய வண்டியும் ஒரே அளவுச் சட்டை போட்ட அண்ணன் தம்பி. வித்தியாசம் மூச்சில் இருக்கிறது. பந்தய வண்டியில் சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். நிமிடத்துக்கு 13,000 சுற்று சுற்றினாலும் மூச்சு முட்டாது. பென்லிக்கு இரண்டு வால்வு, இரண்டு சிலிண்டருக்கும் சேர்த்து ஒரே கார்பரேட்டர்.

அண்ணையின் வண்டிக்கு இருந்த இரண்டு மூச்சும் அடைத்துக் கிடந்ததாம். பாஸ் கழற்றுவதற்கு முன் அழுத்தமானி வைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு சிலிண்டரைவிட மற்றது வெகுவாகக் கீழே. ரிங் தேய்ந்து, எக்ஸாஸ்ட் வால்வு சரியாக உட்காராமல், எரியும் வாயு பக்கவாட்டில் கசிந்துகொண்டிருந்தது. போதாததற்கு எவரோ ஒரு மகானுபாவர் ஏர் ஃபில்டர் பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, பந்தய வண்டிகளில் இருப்பதைப்போல ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டியிருந்தார். சத்தம் கூடியது, வேகம் கூடியதாகத் தோன்றியது, நடுச் சுற்றில் இழுவை போயே போச்சு. அந்தப் பெட்டியின் கொள்ளளவுக்குப் பொருந்தத்தான் கார்பரேட்டர் ஜெட்டை ஹோண்டா தேர்ந்தெடுத்திருக்கிறது. பெட்டியை எடுத்தால் ஜெட்டையும் மாற்ற வேண்டும். மாற்றினாலும் பழைய சமன் கிடைப்பது அரிது. பாஸ் எங்கிருந்தோ ஒரு பழைய பெட்டியைத் தேடிக் கழுவி வைத்திருந்தார்.

வால்வுக்குக் கிரைண்டிங் பசை தடவி, உறிஞ்சுகுச்சியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி உருட்டித் தேய்த்தார். கர்ரக், கர்ரக். அந்தச் சத்தத்தின் தடிப்பு குறைந்துகொண்டே வந்து, ஒரு கட்டத்தில் வழவழவென்று ஆனதும் நிறுத்தினார். பிறகுதான் எனக்கு மிகவும் பிடித்த காரியம். ஸ்பிரிங் போட்டுப் பூட்டிய தலையைச் சாய்த்து, போர்ட்டுக்குள் பெட்ரோலை ஊற்றினார். பிளேன் டீ குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து பார்க்கும்போது வால்வு விளிம்பில் ஈரம் கசிந்திருந்தால் மறுபடி தேய்ப்பாராம். கசியவில்லை. இதற்கு ஒரு கருவியும் வேண்டாம், பொறுமை போதும். எனக்கோ டீ ஆறும்வரைகூடப் பொறுக்கவில்லை; மூன்று தடவை எட்டிப் பார்த்தேன்.

இன்டேக் பக்கம் விரலைவிட்டுத் தடவினார். மேனிஃபோல்டும் தலையும் சேரும் இடத்தில் ஒரு சின்ன விளிம்பு, நகம் தட்டும் அளவுக்கு. அதை மட்டும் ராவினார். கோவைப் பட்டறையில் என்றால் கண்ணாடிபோல் மினுக்கிவிடுவார்கள். "அது வாணாம்," என்றார் பாஸ். சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தால் பெட்ரோல் துளிகள் ஒட்டிக்கொள்ளாமல் காற்றோடு கலந்துவிடும் என்பதை அண்ணை மொழிபெயர்த்தார். இன்னொரு ஆசையையும் கேட்டுப் பார்த்தேன்: போர் தட்டிப் பெரிசாக்கினால்? பாஸ் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் கணக்குப் போட்டார். ஒரு மில்லிமீட்டர் முழுசாகப் பெரிசாக்கினாலும் 124.7 சிசி என்பது 130.4 ஆகும். ஆறு சிசி கூட இல்லை! அதற்கு அடுத்த ஓவர்ஹோலுக்கான உலோகத்தையும் சேர்த்து இன்றே தின்றுவிட வேண்டும். சிலிண்டரைக் கால் மில்லிமீட்டரோடு நிறுத்திவிட்டார்.

ஒரு ரப்பர் வெடித்திருந்தது. கார்பரேட்டரையும் தலையையும் இணைக்கிற இடத்தில் காற்று கசிந்தால் செய்த வேலை எல்லாம் வீண். "பஞ்சிகாவத்தை," என்றார் பாஸ்.

பஞ்சிகாவத்தையைச் சென்னைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நம் புதுப்பேட்டையை மருதானைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. தலைக்குமேல் தொங்கும் சைலன்சர்கள், குவிந்த கியர்கள், கிரீஸ் மணம். நாலு கடைதான் திறந்திருந்தது. முதல் மூன்றிலும் கையை விரித்தார்கள். நான்காவது கடை முதலாளி ரப்பரைக் கையில் வாங்கினார், மோந்து பார்த்தார் (ஆமாம், மோந்து!), உள்ளே போய் ஒரு டின்னைக் கவிழ்த்தார். கிடைத்துவிட்டது. மும்மொழியில் பேரம் நடந்தது. முடிவில் என்ன விலைக்கு வாங்கினோம் என்றே எனக்குப் புரியவில்லை.

திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. வானம் இடித்த இடியில் த்ரீவீலின் தகரம் அதிர்ந்தது. ஒதுங்கி நின்ற கடையில் சோறும் பருப்பும் கட்டசம்பலும். அப்போதுதான் அண்ணை அந்தக் கதையைச் சொன்னார்.

"உங்கட ஊரில எஞ்சினை வேகமாக்கப் பாடுபடுறியள். நாங்கள் எஞ்சினை ஓட வைக்கப் பாடுபட்டனாங்கள். தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடை. பெற்றோலைக் கண்ணால காணேலாது. உதே பென்லி, அப்பாவின்ர, மண்ணெண்ணெயிலதான் ஓடினது. ஒரு சின்னப் போத்தில்ல மருந்து மாதிரிப் பெற்றோல் வைச்சிருப்பம். காலமை கார்பரேட்டருக்குள்ள நாலு சொட்டு விட்டு உதைக்கிறது. எஞ்சின் சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயை விடுறது. வழியில நிப்பாட்டி ஆறிப்போச்செண்டால் திரும்ப நாலு சொட்டு. பின்னால வாறவன்ர கண் எரியும், பாவம்."

சோற்றில் கை வைத்தபடி அப்படியே இருந்துவிட்டேன். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது. ஆகவே அந்த நாலு சொட்டு. அழுத்தம் கூடினால் முன்கூட்டியே வெடித்து 'தட்டும்'. எரியாத மிச்சம் ரிங் வழியாக இறங்கி எண்ணெயை நீர்த்துப்போகச் செய்யும். தலைக்குள் கரி அப்பும். ஒரு எஞ்சினைக் கொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது. அந்த பென்லி சாகவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்களை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஏற்றிப் போயிருக்கிறது. குதிரைத்திறன், குதிரைத்திறன் என்று காலையிலிருந்து நான் போட்ட கூச்சல் எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

மழைவிட்டபோது பலா மரம் சொட்டிக்கொண்டிருந்தது. பாஸ் எஞ்சினைப் பூட்டினார். வால்வு இடைவெளி 0.05 மில்லிமீட்டர், ஃபீலர் கேஜ் தகட்டை இழுத்துப் பார்த்த விரல், தகடு சொல்லாத ஏதோ ஒன்றைக் கேட்டுத் திரும்ப இன்னொரு முறை சரிசெய்தது. பாயிண்ட் திறக்கும் நொடியைக் காண ஒரு சின்ன பல்பைக் கம்பியில் மாட்டினார். சக்கரத்தை மெல்லத் திருப்ப, 'எஃப்' கோடு குறிக்கு நேரே வரவும் பல்பு கண் சிமிட்டியது. தீப்பொறி கொஞ்சம் பிந்தினாலே இழுவை சோர்ந்துவிடுமாம். பழைய வண்டிகளில் பாதிக்கு நோயே இதுதான் என்றார்; செலவு ஒன்றுமில்லை, பல்பு மட்டும்.

உதை. ஒன்றும் இல்லை. இன்னொரு உதை. பிறகு அந்தச் சத்தம்! ஆர்எக்ஸின் 'டிர்ர்ர்' எதிர்பார்த்த காதுக்கு இது வேறு சாதி. இரண்டு பிஸ்டனும் மாறி மாறித் தீப்பிடித்து, சீராக, மென்மையாக, தையல் மெஷின் ஓடுவதுபோல. கொஞ்ச நேரம் ஓடவிட்டு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். இளம்பழுப்பு. கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. அழுத்தமானியில் இரண்டு சிலிண்டரும் ஏறக்குறைய ஒரே எண். அண்ணை எதுவும் பேசாமல் பாஸின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார்.

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு தயாராக நின்றேன். மேம்பாலம், கடைசிக் கியர், முழுத் திருகல்! பாஸ் ஆள்காட்டி விரலை ஆட்டினார். "ஹெமின், ஹெமின்." மெதுவாக. புது ரிங் சிலிண்டரோடு பழகும்வரை, பல நூறு கிலோமீட்டருக்கு, நாற்பதைத் தாண்டக்கூடாது. காலையிலிருந்து காத்திருந்து, மழையில் நனைந்து, பஞ்சிகாவத்தைவரை அலைந்தவனுக்கு இதுதான் பரிசு: ஒரு சைக்கிள்காரர் என்னை முந்திக்கொண்டு போனார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் மேம்பாலத்தின் ஏற்றத்தில், பாதித் திருகலுக்கும் குறைவாகவே வைத்து, கடைசிக் கியரைப் போட்டுப் பார்த்தேன். முனகவில்லை. ஏறியது. கீழே ரயில் பாதை, ஈரத்தில் மின்னும் கடைப் பலகைகள், பின்னால் உட்கார்ந்து "ஏறுது தம்பி, ஏறுது!" என்று சின்னப் பையனாகிவிட்ட அண்ணை.

திரும்பி வந்ததும் பாஸ் மூலையில் கிடந்த தார்ப்பாயை விலக்கினார். உள்ளே ஒரு யமஹா ஆர்டி350. ஜப்பானில் பிறந்தது, 39 குதிரை. "உங்க ஊர்லயும் செஞ்சாங்கதானே?" என்று கேட்டார். செய்தார்கள், 1983இல் எஸ்கார்ட்ஸ், ராஜ்தூத் என்ற பெயரில். மைலேஜுக்காகக் குறைத்துக் குறைத்து ஒன்றை 30.5 குதிரைக்கும் இன்னொன்றை 27க்கும் கொண்டுவந்தார்கள். பாஸ் இதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார். இங்கே ஓடிப்போன குதிரையைப் பிடிக்கிறார்கள், அங்கே கட்டியிருந்த குதிரையை அவிழ்த்துவிட்டார்களா?

சிரித்து முடித்ததும் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். சிகரெட் அட்டையின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினார்: ரீட் வால்வு ஒரு ஜோடி, கிராங்க் ஆயில் சீல், இடது பக்க சைட் கவர், ஸ்பீடோமீட்டர் கேபிள். புதுப்பேட்டையில் கிடைக்குமா? கிடைக்கும் என்றேன், தெரிந்தவன் மாதிரி. அட்டை நிறைந்துவிட்டது. இன்னொரு அட்டை தேடினார்.